மனு ரசீதோடு வீடு திரும்பியவர்களுக்கு

காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, சி.எஸ்.ஆர். ரசீதை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, இனி போலீஸ் பார்த்துக்கொள்ளும் என்று வீட்டில் உட்கார்ந்திருக்கும் எல்லாருக்கும்,



உங்கள் கையில் இருக்கும் சீட்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நிலையத்தில் சமுதாயப் பணிப் பதிவேடு என்று ஒன்று இருக்கிறது. அதில் உங்கள் பெயரை ஏற்றி, எண் போட்டு, மனு வந்து சேர்ந்தது என்று ஒப்புகை கொடுத்திருக்கிறார்கள். அவ்வளவுதான். தமிழ்நாட்டில் இது நெடுநாள் பழக்கம். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் சி.எஸ்.ஆர். என்ற பேச்சே இல்லை. அதற்கு முன்பிருந்த 1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் இல்லை. சட்டம் சொல்வது எஃப்.ஐ.ஆரைத்தான்.

என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்பீர்கள். எஃப்.ஐ.ஆர். போட்டால் அது மாஜிஸ்திரேட்டுக்குப் போகவேண்டும். குற்ற எண் விழும். விசாரித்து முடித்து, குற்றம் உண்டு என்றோ இல்லை என்றோ கோர்ட்டில் அறிக்கை வைத்தே ஆகவேண்டும். நிலையத்துக்கு வெளியே ஒரு நீதிபதியின் கண் அதன் மேல் இருக்கும். சி.எஸ்.ஆர். மனுவுக்கு அந்தக் கண் கிடையாது. யார் கேட்டு, யார் பதில் சொல்லி, எப்போது முடித்தார்கள் என்பதெல்லாம் நிலையத்துக்குள்ளேயே தொடங்கி அங்கேயே முடிந்துவிடும்.

2013 நவம்பரில் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு இதைத் தீர்த்துச் சொல்லிவிட்டது. தலைமை தாங்கியவர் அப்போதைய தலைமை நீதிபதி சதாசிவம், நம் ஈரோடு மாவட்டத்துக்காரர். கோர்ட் உத்தரவில்லாமல் போலீஸே நேரடியாக விசாரிக்கக்கூடிய குற்றம் நடந்ததாகத் தகவல் வந்தால் எஃப்.ஐ.ஆர். போடுவது கட்டாயம், போடலாமா வேண்டாமா என்று யோசிக்கும் உரிமை அதிகாரிக்கு இல்லை. குடும்பத் தகராறு, வியாபாரக் கொடுக்கல் வாங்கல், மருத்துவ அலட்சியம், ஊழல், காரணமில்லாமல் மாதக் கணக்கில் தாமதமான புகார் போன்ற சிலவற்றுக்கு மட்டும் முன்விசாரணைக்கு இடம் வைத்தது. புதிய சட்டத்தின் 173-வது பிரிவு இன்னொரு கதவையும் திறந்திருக்கிறது: மூன்றாண்டும் அதற்கு மேலும், ஆனால் ஏழாண்டுக்குள் தண்டனை உள்ள குற்றமென்றால், டி.எஸ்.பி.யின் அனுமதியோடு 14 நாளுக்குள் முன்விசாரணை நடத்தலாம். "மனு விசாரணையில் இருக்கு" என்று மாதக்கணக்கில் சொல்கிறவரிடம், டி.எஸ்.பி. எந்தத் தேதியில் அனுமதி கொடுத்தார் என்று பணிவாகக் கேளுங்கள். பல இடங்களில் அந்த ஒரு கேள்விக்கே கோப்பு நகர்ந்துவிடும்.

இன்னொன்று. சம்பவம் எங்கள் எல்லையில் நடக்கவில்லை என்று திருப்பி அனுப்பினால் அது செல்லாது. எந்த நிலையத்திலும் புகாரை வாங்கிப் பதிய வேண்டும், பிறகு உரிய நிலையத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். எஃப்.ஐ.ஆர். நகலைக் காசு வாங்காமல் கொடுக்க வேண்டும். பேப்பர் கட்டு வாங்கி வரச் சொல்வதெல்லாம் எந்தப் பிரிவில் வருகிறதென்று எனக்குத் தெரியாது.

அடுத்து, "ரெண்டு பார்ட்டியும் நாளைக்குக் காலைல பத்து மணிக்கு வந்துடுங்க" என்ற அழைப்பு. போவீர்கள். எதிராளி அவருடைய ஆட்களோடு வந்து உள்ளே நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். நீங்கள் வேப்பமரத்தடியில் நிற்பீர்கள். மதியத்துக்கு மேல் ஏட்டு ஒரு வெள்ளைத்தாளை நீட்டுவார். "நாங்கள் இருவரும் சமாதானமாகப் போய்விட்டோம், மேல் நடவடிக்கை தேவையில்லை" என்று அதில் எழுதித் தரவேண்டும். பசியிலும் சலிப்பிலும் பாதிப்பேர் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். மனசார சமாதானம் ஆகியிருந்தால் எழுதுங்கள், தவறில்லை. சமாதானமாகப் போவதற்குச் சட்டமே இடம் கொடுக்கிறது. ஆகவில்லையென்றால் எழுதாதீர்கள். வேறு வழியில்லாமல் கையெழுத்துப் போட்டுவிட்டால், அன்று மாலையே நடந்ததை எழுதி எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்புங்கள். ஆறு மாதம் கழித்து "மிரட்டிக் கையெழுத்து வாங்கினார்கள்" என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

வீட்டில் இருக்கும் பெண்களுக்கும் பெரியவர்களுக்கும் இதைச் சொல்லி வையுங்கள். சாட்சியாக விசாரிக்கவேண்டும் என்றால் பெண்களையும், 15 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களையும், 60 வயது கடந்தவர்களையும், மாற்றுத் திறனாளிகளையும் அவர்கள் குடியிருக்கும் இடத்தில்தான் விசாரிக்க வேண்டும். 179-வது பிரிவு. அவர்களாக விரும்பி வந்தால் வேறு விஷயம்.

போலீஸ் பக்கத்தையும் சொல்லாமல் இருக்கக்கூடாது. நிலையத்துக்கு வரும் மனுக்களில் பெரும்பங்கு குற்றமே அல்ல. வரப்புத் தகராறு, பாதைத் தகராறு, வட்டிக்குக் கொடுத்தது வராமல் போனது, சீட்டுப் பணம், பாகப் பிரிவினை. சிவில் கோர்ட்டில் பத்து வருஷம் ஆகும், ஸ்டேஷனில் ஒரு மிரட்டில் முடிந்துவிடும் என்ற கணக்கில்தான் நாமே அங்கே போகிறோம். ஒரு சப்-இன்ஸ்பெக்டர் மூலப்பத்திரத்தைப் படித்துப் பார்த்து நிலம் யாருடையது என்று சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. அங்கே கட்டப்பஞ்சாயத்து நடக்கிறது என்று குறை சொல்கிற நாம்தான் நமக்குச் சாதகமான கட்டப்பஞ்சாயத்தைத் தேடிக்கொண்டு போகிறோம். ஆனால் நிலத்தகராறில் வேலியைப் பிடுங்கி ஆளை அடித்தால் அடித்தது குற்றம். "சிவில் மேட்டர்" என்று அதை ஒதுக்க முடியாது. மனுவில் நிலத்தின் நான்கெல்லையை ஒரு பக்கம் எழுதிவிட்டு அடித்ததைக் கடைசி வரியில் எழுதினால், படிப்பவர் கண்ணுக்கு நிலம்தான் தெரியும்.

மனுவைப் பற்றியே கொஞ்சம் பேசவேண்டும். நிலையத்துக்கு எதிரில் ஜெராக்ஸ் கடையில் டைப் அடித்து வாங்கிவரும் மனுக்களைப் பார்த்திருக்கிறேன். ஊர் மாறும், பெயர் மாறும், வாசகம் மாறாது: "என்னை அசிங்க அசிங்கமாகத் திட்டி, கையால் அடித்து, உன்னை உயிரோடு விடமாட்டேன் என்று கொலை மிரட்டல் விடுத்தார்." முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தில் 294(பி), 323, 506(2); இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 296(பி), 115(2), 351(3). எண் மாறியது, பல்லவி அதேதான். என்ன வார்த்தை சொல்லித் திட்டினார் என்று எழுதாமல் ஆபாசமாகத் திட்டினார் என்று மட்டும் எழுதினால் அந்தப் பிரிவு கோர்ட்டில் நிற்பது கடினம். சொன்ன வார்த்தையை அப்படியே எழுதுங்கள், கூச்சப்படவேண்டாம். எந்தக் கையால், எதனால், எந்த இடத்தில் அடித்தார், பக்கத்தில் யார் நின்றார்கள், மணி என்ன, வெளிச்சம் இருந்ததா என்று நடந்தது நடந்த வரிசையில் ஒரு பக்கத்துக்குள் வந்துவிட வேண்டும். பிரிவு எண்களை நீங்கள் போடத் தேவையில்லை.

அங்கே இல்லாத ஆளைச் சேர்க்காதீர்கள். கோபத்தில் அண்ணன் தம்பி மச்சான் எல்லார் பெயரையும் எழுதிவிட்டு, அதில் ஒருவர் அன்றைக்குத் திருப்பூரில் வேலையில் இருந்தார் என்று சம்பள ரிஜிஸ்டரோடு வந்து நிற்கும்போது, உண்மையாக அடித்தவனும் சேர்ந்து தப்பிவிடுகிறான். அதேபோல முக்கியமானதை விட்டுவிடாதீர்கள். மூன்று வருஷம் கழித்துக் கூண்டில் நிற்கும்போது எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கும் முதல் கேள்வியே "இதை முதல் புகாரில் சொன்னீர்களா?" என்பதுதான்.

அடிதடி என்றால் மனுவுக்கு முன்பே எழுதப்படும் ஒரு காகிதம் இருக்கிறது. அரசு மருத்துவமனையில் அவசர சிகிச்சைப் பிரிவில் இருக்கும் விபத்துப் பதிவேடு, ஏ.ஆர். காப்பி என்பார்கள். டியூட்டி டாக்டர் காயத்தைப் பார்த்துக்கொண்டே கேட்பார், எப்படி ஆச்சு? எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், தெரிந்த ஆட்களா தெரியாதவர்களா, எத்தனை பேர், கையாலா கட்டையாலா? நீங்கள் சொல்வதை இரண்டு வரியில் எழுதிக்கொள்வார். கணவன் அடித்த பெண்கள் பலர் அங்கேதான் "படியில் விழுந்துட்டேன்" என்கிறார்கள். பக்கத்தில் அவனே நிற்கிறான், என்ன செய்வது. அந்த இரண்டு வரி பிறகு வழக்கு முழுவதையும் விழுங்கிவிடும். ஒருவன் அடித்ததை "நாலு பேர்" என்று பெருக்கிச் சொன்னாலும் இதே கதிதான். வலி இருந்தால் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். எலும்பு முறிந்தாலோ பல் விழுந்தாலோ அது சட்டத்தின் கண்ணில் கொடுங்காயம், பிரிவும் தண்டனையும் மாறிவிடும். வெறும் கையால் அடித்த சிறுகாயம் மட்டும் என்றால் போலீஸ் தானாக விசாரிக்க முடியாது, மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும். எஃப்.ஐ.ஆர். போடவில்லையே என்று சண்டைபோடும் சிலருக்கு இது தெரிவதில்லை.

சி.சி.டி.வி. இருக்கும் கடைக்காரரிடம் அன்றே பேசிவிடுங்கள். பழைய பதிவின் மேல் புதியது பதிந்து சில நாளில் அழிந்துவிடும். போனில் ஆதாரம் இருந்தால் அந்தப் போனையே பத்திரமாக வையுங்கள். வாட்ஸ்அப்பில் நாலு பேருக்கு அனுப்பிய வீடியோவைவிட, எடுத்த போனும் அதற்கான, புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவுச் சான்றும்தான் கோர்ட்டில் பேசும்.

சரி, எல்லாம் செய்தும் எஃப்.ஐ.ஆர். போடவில்லை. இப்போது என்ன?

பெரும்பாலானவர்கள் செய்வது இது: திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் ஒரு மனு, முதல்வரின் தனிப்பிரிவுக்கு ஒரு மனு, டி.ஜி.பி.க்கு ஒன்று, மனித உரிமை ஆணையத்துக்கு ஒன்று. எல்லாம் சுற்றிச் சுற்றி, "உரிய நடவடிக்கைக்கு" என்ற முத்திரையோடு, முதல் நாள் உங்களைத் திருப்பி அனுப்பிய அதே சப்-இன்ஸ்பெக்டர் மேசைக்குத்தான் வரும். அவர் "மனுதாரருக்கு அறிவுரை வழங்கப்பட்டது" என்று எழுதி முடித்துவிடுவார். வசதி உள்ளவர்கள் நேராகச் சென்னைக்கோ மதுரைக்கோ உயர் நீதிமன்றத்துக்கு ஓடுவார்கள். மற்ற வழிகளைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று 2007-இல் சாகிரி வாசு வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அந்த மற்ற வழி 173(4)-இல் இருக்கிறது. புகாரின் சாரத்தை எழுதி, சி.எஸ்.ஆர். நகலை இணைத்து மாவட்ட எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்ப வேண்டும். மாநகரமென்றால் கமிஷனர் அலுவலகத்துக்கு. நேரில் கொடுத்தாலும் ஒரு பிரதியைத் தபாலிலும் அனுப்பிவிடுங்கள். தபால் ரசீதும் ஒப்புகை அட்டையும் இல்லாவிட்டால் அடுத்த படியில் கால் வைக்க முடியாது. நியாயமான நாள் பொறுத்தும் பலனில்லையென்றால், 175(3)-இன் கீழ் உங்கள் பகுதி மாஜிஸ்திரேட்டிடம் மனு. கூடவே பிரமாணப் பத்திரம் வேண்டும்; நான் சொல்வது உண்மை, பொய்யானால் பொறுப்பேற்கிறேன் என்று. வேண்டாதவர்மேல் வழக்குப் போட்டுப் பழிதீர்ப்பது பெருகியதால் 2015-இல் பிரியங்கா ஸ்ரீவஸ்தவா வழக்கில் உச்ச நீதிமன்றம் விதித்த நிபந்தனை அது, இப்போது சட்டத்திலேயே ஏறிவிட்டது. மாஜிஸ்திரேட் போலீஸிடம் விளக்கம் கேட்பார். வழக்குப் பதியச் சொல்லி உத்தரவிட்டால் நிலையம் மறுக்க முடியாது.

இன்னொரு வழி தனிநபர் புகார், 223-வது பிரிவு. நீங்களே கோர்ட்டில் வாக்குமூலம் கொடுத்து, சாட்சிகளை நிறுத்தி, வழக்கை நடத்துவது. இப்போது எதிராளிக்கும் ஆரம்பத்திலேயே பேச வாய்ப்புக் கொடுக்க வேண்டியிருப்பதால் கொஞ்சம் இழுக்கிறது. என்னைக் கேட்டால், ஆள் யாரென்று தெரியும், சாட்சி கையில் இருக்கிறது என்றால் இது போதும். களவுபோன பொருளைத் தேட வேண்டும், போன் விவரம் எடுக்க வேண்டும் என்றால் போலீஸ் இல்லாமல் ஆகாது; 175(3)-தான் சரி. எதைச் செய்தாலும் காலக்கெடு ஓடிக்கொண்டிருக்கிறது. அபராதம் மட்டும் உள்ள குற்றத்துக்கு ஆறு மாதம், ஓராண்டு வரை தண்டனை உள்ளதற்கு ஓராண்டு, மூன்றாண்டு வரை உள்ளதற்கு மூன்றாண்டு. அதற்குமேல் கோர்ட் எடுத்துக்கொள்வது அரிது.

சிலருக்கு இந்தப் படிகளில் ஏறிக்கொண்டிருக்க நேரமில்லை. ஆன்லைனில் பணம் போனவர்கள் சி.எஸ்.ஆருக்காக வரிசையில் நிற்கக் கூடாது. முதலில் 1930-க்குப் போன். பணம் கணக்குவிட்டுக் கணக்குத் தாவுவதற்குள் வங்கியில் நிறுத்தி வைக்க முடிந்தால்தான் உண்டு, மணிநேரம் முக்கியம். வீடியோ அழைப்பில் போலீஸ் உடையில் வந்து உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் செய்திருக்கிறோம் என்றால், அப்படி ஒரு கைது இந்தச் சட்டத்தில் எந்த மூலையிலும் இல்லை. காசோலை திரும்பியவர்களுக்கும் நிலையத்தில் வேலையில்லை. வங்கி தகவல் சொன்ன 30 நாளுக்குள் நோட்டீஸ், அது கிடைத்த பின் 15 நாள் அவகாசம், பிறகு ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் புகார். இந்தக் கடைசிக் கெடு தவறினால் தாமதத்துக்குக் காரணம் சொல்லிக் கோர்ட்டிடம் கெஞ்சவேண்டி வரும்.

வீட்டுக்குள் அடிபடும் பெண்கள் எஃப்.ஐ.ஆர். இல்லாமலேயே 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். பாதுகாப்பு அலுவலர் மனு எழுதித் தருவார். அடிக்கக் கூடாது என்றும், வீட்டைவிட்டு வெளியேற்றக் கூடாது என்றும், செலவுக்குப் பணம் தரவேண்டும் என்றும் உத்தரவு வாங்கலாம். மகளிர் காவல் நிலையத்தில் கவுன்சிலிங் என்று வாரக்கணக்கில் நடக்க வைக்கும்போது இந்தக் கதவு திறந்திருப்பதை யாரும் சொல்வதில்லை. பாலியல் குற்றப் புகாரைப் பதிய மறுக்கும் அதிகாரிக்கே ஆறு மாதம் முதல் இரண்டாண்டு வரை சிறை என்கிறது நியாய சன்ஹிதாவின் 199-வது பிரிவு. பட்டியல் சாதி, பழங்குடி மக்கள் மீதான வன்கொடுமைப் புகாரில் எஃப்.ஐ.ஆருக்கு முன் விசாரணை எதுவும் தேவையில்லை என்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2018-இல் சேர்த்த 18ஏ பிரிவு சொல்கிறது. அங்கே சி.எஸ்.ஆர். கொடுத்து உட்காரவைப்பதே சட்டத்துக்கு விரோதம்.

நீங்கள் மனு கொடுத்த மறுநாளே எதிராளியும் உங்கள்மேல் மனு கொடுப்பார். கவுன்டர் கேஸ். சில இடங்களில் இரண்டு பக்கமும் எஃப்.ஐ.ஆர். போட்டு, பிறகு இருவரையும் சமாதானத்துக்குத் தள்ளுவது ஒரு உத்தியாகவே நடக்கிறது. பயந்து ஊரைவிட்டு ஓடாதீர்கள். ஏழாண்டு வரை தண்டனை உள்ள குற்றத்தில் எடுத்த எடுப்பில் கைது கூடாது என்று 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கில் சொல்லியிருக்கிறார்கள். 35(3)-இன் கீழ் ஆஜராகச் சொல்லி நோட்டீஸ் தரலாம். வந்தால் போய் ஆஜராகுங்கள், போகாமல் இருந்தால் அதுவே கைதுக்குக் காரணமாகிவிடும். வாட்ஸ்அப்பில் அனுப்பிய நோட்டீஸ் நோட்டீஸே ஆகாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கைதாவோம் என்ற நியாயமான அச்சம் இருந்தால் செஷன்ஸ் கோர்ட்டில் முன்ஜாமீன் கேட்கலாம்.

கைதே ஆகிவிட்டால், காரணத்தைச் சொல்ல வேண்டும், வீட்டுக்குத் தகவல் போக வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். அங்கே அவர் "போலீஸ் அடித்தார்களா?" என்று கேட்பார், கேட்காவிட்டாலும் நீங்கள் சொல்லுங்கள், சட்டையைத் தூக்கிக் காட்டுங்கள். பக்கத்தில் நிற்கும் காவலருக்குப் பயந்து "இல்லைங்க ஐயா" என்று சொல்லிவிட்டால் பிறகு மருத்துவப் பரிசோதனைக்குக்கூட வழக்காட வேண்டும். 2020 ஜூனில் சாத்தான்குளத்திலிருந்து ரிமாண்டாகிக் கோவில்பட்டி கிளைச் சிறைக்குப் போன தந்தையும் மகனும் அடுத்தடுத்து இறந்தது நம் எல்லாருக்கும் தெரியும். ரிமாண்டு நேரத்தின் அந்த இரண்டு நிமிஷம் எவ்வளவு பெரியது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். குற்றத்தின் தன்மையைப் பொறுத்து 60 அல்லது 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் கேட்பது உங்கள் உரிமை. ஆனால் தாக்கல் ஆவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை என்பவர்கள் தாலுகா கோர்ட் வளாகத்தில் இருக்கும் வட்ட சட்டப் பணிகள் குழு அலுவலகத்துக்குப் போங்கள், அல்லது 15100-க்கு அழையுங்கள். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் இவர்களுக்கு வருமான வரம்பே கிடையாது. இலவச வக்கீல் என்றால் ஏனோதானோ என்று இருப்பார் என்ற எண்ணம் பாதி உண்மை. சரியில்லாவிட்டால் வேறு வக்கீல் கேட்டு அதே அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள், மாற்றித் தருவார்கள்.

எஃப்.ஐ.ஆர். விழுந்தவர்களும் அதோடு தூங்கிவிடாதீர்கள். விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் போலீஸ் உங்களுக்குத் தெரிவிக்கவேண்டும். தெரிவிக்காவிட்டால் எழுதிக் கேளுங்கள். ஒருநாள் ஏட்டு ஒருவர் வீட்டுக்கு வந்து "சும்மா ஒரு கையெழுத்து" என்று காகிதம் நீட்டலாம். ஆர்.சி.எஸ். நோட்டீஸாக இருக்கும்; உங்கள் வழக்கில் குற்றம் நடக்கவில்லை, பொருண்மைப் பிழை என்று முடிக்கப்போகிறார்கள் என்று பொருள். வாங்கிக்கொள்ளுங்கள், வாங்கிய தேதியைப் போட்டே கையெழுத்திடுங்கள். ஆட்சேபனை இல்லை என்று ஒரு வரி இருந்தால் அதை அடித்துவிட்டு, ஆட்சேபனை உண்டு என்று எழுதுங்கள். உங்கள் பேச்சைக் கேட்காமல் அந்த அறிக்கையை மாஜிஸ்திரேட் ஏற்கக் கூடாது என்பது 1985-இல் பகவந்த் சிங் வழக்கிலிருந்து இருக்கும் சட்டம். எதிர்ப்பு மனுவை அடுத்த வாய்தாவுக்குள் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
மாஜிஸ்திரேட் கோர்ட்டில் தொழில் செய்யும் ஒரு வழக்கறிஞர்